நடு டிஃபென்ஸில் நின்றவர்: ஹைனர் பிராண்ட்

கைப்பந்து என்று எழுதினால் பாதிப் பேருக்கு வாலிபால்தான் நினைவுக்கு வரும். அதனால் இங்கே முழுக்க ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட உள்ளரங்கத் தளம். பக்கத்துக்கு ஏழு பேர். 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கோல். அரைக்கு 30 நிமிடம் வீதம் இரண்டு அரை. ஆண்கள் பந்தின் சுற்றளவு 58 முதல் 60 செ.மீ., எடை 425 முதல் 475 கிராம். ஹைனர் பிராண்டைப் பற்றிப் பேச இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி போகப் போக வரும்.

ஜெர்மனி ஆண்கள் அணி உள்ளரங்க உலகக் கோப்பையை வென்ற ஆண்டுகள் 1938, 1978, 2007. முதலாவது நான்கே அணிகள் மோதிய போட்டி, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மற்ற இரண்டிலும் பிராண்ட் இருந்தார். 1978-ல் தளத்தில், 2007-ல் பயிற்சியாளர் பெஞ்சில். இரண்டு இடத்திலும் அவர் பார்த்த வேலை ஒன்றுதான் என்பது என் எண்ணம். அதை விளக்கத்தான் இந்தப் பதிவு.

1952 ஜூலை 26 அன்று கும்மர்ஸ்பாக்கில் பிறந்தவர். கொலோனுக்குக் கிழக்கே உள்ள சின்ன ஊர். ஊர் சின்னது, கிளப் பெரியது. எழுபதுகளில் ஐரோப்பாவின் முதல் வரிசை கிளப்களில் ஒன்று ஃபௌஎஃப்எல் கும்மர்ஸ்பாக். பிராண்ட் கடைசி வரை வேறு கிளப்புக்குப் போகவே இல்லை. ஆறு முறை ஜெர்மன் சாம்பியன். 1974-லும் 1983-லும் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை. தேசிய அணிக்கு 131 ஆட்டம், 231 கோல். ஆட்டத்துக்கு இரண்டு கோல்கூட வரவில்லை. கோல் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இவர் சாதாரண ஆட்டக்காரர் போலத்தான் தெரியும். ஆனால் அணி இவரை வைத்திருந்தது கோல் போட அல்ல, நடுவில் நிற்க.

நடுவில் நிற்பது என்றால் என்ன? 6-0 டிஃபென்ஸில் ஆறு பேரும் கோலைச் சுற்றி வளைந்து செல்லும் 6 மீட்டர் கோட்டை ஒட்டி வளைவாக நிற்பார்கள். ஓரத்திலிருந்து எண்ணினால் ஒன்று, இரண்டு, மூன்று; மறுபக்கமும் அப்படியே. நடுவில் இருக்கும் இரண்டு மூன்றாம் எண்காரர்கள்தான் அந்தச் சுவரின் நடுத்தூண். அவர்களுக்கு எதிரே 9 மீட்டருக்கு அப்பால் எதிரணியின் பேக் ஆட்டக்காரர்கள், அதாவது தூரத்திலிருந்து எறிபவர்கள், பந்தைச் சுழற்றுவார்கள். நடு ஆட்களின் முதுகுக்குப் பின்னாலோ தோளோடு தோளாகவோ எதிரணியின் பிவட், அதாவது கோட்டை ஒட்டி நின்று பந்துக்குக் காத்திருப்பவர், நிற்பார். முன்னால் வருவதையும் பார்க்க வேண்டும், பின்னால் இருப்பதை உடம்பால் உணர வேண்டும்.

வேலையின் வரிசை இது. எதிரணி பேக் பந்தோடு வேகமெடுத்தால் நடு ஆள் கோட்டை விட்டு எட்டு, ஒன்பது மீட்டர் வரை வெளியே வந்து அவரைச் சந்திக்க வேண்டும். எறியும் கை மேலே போவதற்கு முன்பே தொட்டுவிட வேண்டும்: ஒரு கை எறியும் தோளின்மேல், மற்றொரு கை இடுப்புக்கு, நெஞ்சுக்கு நெஞ்சு நேராக. நடுவர் ஃப்ரீ த்ரோ கொடுத்தால் டிஃபென்ஸுக்கு அது வெற்றிதான். எதிரணியின் ஓட்டம் அறுந்தது. அவர் வெளியே போன அந்த ஒரு நொடியில் பக்கத்து ஆள் உள்ளே நகர்ந்து பிவட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். பந்து கைமாறியதும் வெளியே போனவர் வந்த வழியே திரும்பாமல், பந்து போன பக்கம் சாய்வாகப் பின்வாங்க வேண்டும்.

கோளாறு எங்கே வருகிறது என்றால், பெரும்பாலும் அரை அடித் தாமதத்தில். தாமதமாகப் போனவர் ஆளை நேராகச் சந்திக்க முடியாமல் பக்கவாட்டில் பிடிக்கிறார், சட்டையை இழுக்கிறார். அது இரண்டு நிமிட வெளியேற்றம். ஒரே ஆள் மூன்றாவது முறை இரண்டு நிமிடம் வாங்கினால் சிவப்பு அட்டை. 6 மீட்டர் கோட்டுக்குள் நின்று தடுத்து கோல் வாய்ப்பைக் கெடுத்தால் ஏழு மீட்டர் எறிதல், கால்பந்தின் பெனால்டி போல. இன்னொரு கோளாறு, நடு ஆட்கள் இருவரும் ஒரே பேக்கை நோக்கி ஒன்றாக வெளியே வருவது. பிவட் தனியாகிவிடுவார், கோல்கீப்பருக்கு வழியே இல்லை. மூன்றாவது கோளாறு ஓரத்தில்: உதவுகிறேன் என்று ஒன்றாம் எண்காரர் அதிகமாக உள்ளே வந்துவிடுவார், விங்கில் கதவு திறந்துவிடும். இந்த மூன்றையும் வாயால் சரிசெய்பவர் நடு ஆள். டிஃபென்ஸில் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவர் அவர்தான். கோல்கீப்பரோடும் அவருக்கு ஓர் ஒப்பந்தம் உண்டு: தூரத்திலிருந்து வரும் எறிதலில் ஒரு பக்கத்தை பிளாக் (கையை உயர்த்திக் குதிக்கும் டிஃபென்ஸ் ஆள்) மூடும், மறுபக்கம் கீப்பருடையது. பிளாக் தப்பான பக்கம் குதித்தால் கீப்பருக்குப் பந்தே கண்ணில் படாது. பிறகு கீப்பரைத் திட்டிப் பயனில்லை.

இந்த வேலையில் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்த ஒருவர் பயிற்சியாளர் ஆவதில் ஆச்சரியம் இல்லை. தளத்தில் நின்றபடியே மற்ற ஐந்து பேரை நகர்த்திப் பழகியவர்.

பிராண்ட் ஆடிய மேற்கு ஜெர்மன் அணி அப்படிப்பட்ட டிஃபென்ஸில்தான் எழுந்தது. பயிற்சியாளர் விளாடோ ஷ்டென்ஸல், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 1974-ல் வந்ததும் பழைய பெயர்களைக் கழித்து இளைஞர்களை வைத்து அணியைக் கட்டினார். 1976 மார்ச்சில் ஒலிம்பிக் தகுதிக்காக கார்ல்-மார்க்ஸ்-ஷ்டாட்டில் கிழக்கு ஜெர்மனியோடு நடந்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. மேற்கு ஜெர்மனி 8-11 எனத் தோற்றது, ஆனால் மொத்தக் கோல் கணக்கில் முந்தித் தகுதி பெற்றது. கடைசி நொடிகளில் கிழக்கு ஜெர்மனிக்குக் கிடைத்த ஏழு மீட்டர் எறிதலை கீப்பர் மன்ஃப்ரெட் ஹோஃப்மான் தடுத்தார். அது உள்ளே போயிருந்தால் மான்ட்ரியால் பயணம் இல்லை. எதிராளியின் ஊரில் வெறும் எட்டு கோல் போட்டும் தப்பிக்க முடிந்தது என்றால், 11-க்கு மேல் விடவில்லை என்பதால்தான். மான்ட்ரியாலில் நான்காம் இடம்.

1978 பிப்ரவரி 5, கோபன்ஹேகன். இறுதியில் சோவியத் யூனியனை 20-19 என வென்றார்கள். கதைகளில் எப்போதும் வருபவர் டீட்டர் வால்ட்கே. தொடரில் பெரும்பாலும் பெஞ்சில் இருந்துவிட்டு இறுதியில் இறங்கி அடுத்தடுத்து மூன்று கோல் போட்டவர். அதற்குப் பிறகு வந்தது வேறு மாதிரி ஆண்டு. 1979 மார்ச் 30 அன்று ஹங்கேரியின் டட்டபான்யாவில் கும்மர்ஸ்பாக் கிளப்புக்காக ஆடும்போது யோவாகிம் டெக்கார்ம் மோதி விழுந்து தலையில் அடிபட்டார். 131 நாள் கோமா. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஆட்டக்காரரின் ஆட்ட வாழ்க்கை 25 வயதில் முடிந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை மேற்கு ஜெர்மனி புறக்கணித்தது. ஒரு உலகக் கோப்பைக்குப் பிறகு இந்த அணி எதைச் சாதித்திருக்கும் என்பதற்கு விடை கிடைக்காமலே போனது.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு பிராண்ட் நேராகத் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரவில்லை. முதலில் தேசிய அணியின் உதவிப் பயிற்சியாளர், பிறகு 1987 முதல் கும்மர்ஸ்பாக் கிளப். 1988, 1991 என இரண்டு ஜெர்மன் பட்டம். அப்புறம் வால்லாவு-மாஸ்ஸன்ஹைம் கிளப், மீண்டும் கும்மர்ஸ்பாக். கிளப்பில் பத்தாண்டு நாள்தோறும் பயிற்சி கொடுத்த பிறகுதான் 1997 ஜனவரியில் தேசிய அணிக்கு வந்தார். இந்த வரிசையை முக்கியமாக நினைக்கிறேன். தேசிய அணியில் கற்றுக்கொடுக்க நேரமே இருக்காது. கற்றுக்கொடுக்கத் தெரியும் என்பதை வேறெங்காவது நிரூபித்துவிட்டு வர வேண்டும்.

அவர் கைக்கு வந்தபோது அணி இருந்த நிலை மோசம். அந்த ஆண்டு ஜப்பானின் குமமோட்டோவில் நடந்த உலகக் கோப்பைக்கு ஜெர்மனி தகுதியே பெறவில்லை. அவருக்கு முன்பு பயிற்சியாளராக இருந்தவர் ஆர்னோ ஏரெட், 1978 அணியில் பிராண்டோடு ஆடியவர். ஆக, உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர் என்பது மட்டும் போதாது.

தேசியப் பயிற்சியாளரின் வேலை எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜெர்மன் லீகில் 18 அணி, ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டம். அதற்கு மேல் கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள். உலகக் கோப்பையும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பும் ஜனவரியில், லீகுக்கு நடுவே. டிசம்பர் கடைசி வரை கிளப் ஆட்டம் ஆடிவிட்டு, களைப்போடும் காயத்தோடும் ஆட்கள் வருவார்கள். பயிற்சியாளருக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு வாரம், அதிலும் பயிற்சி ஆட்டங்கள் போக மிச்சம் சில நாள். ஒவ்வொருவரும் வெவ்வேறு கிளப்பில் வெவ்வேறு பழக்கத்தோடு வருகிறவர்கள்.

அந்த நாட்களுக்குள் எதைச் சொல்லிக் கொடுப்பது? அட்டாக்கில் புதிதாக நிறையத் திணித்தால் முதல் ஆட்டத்திலேயே குழப்பம்தான். ஒருவர் இடம் மாற்றிக்கொள்ளக் குறுக்கே ஓடுவார் (கிராஸ்), மற்றவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார். எல்லோருக்கும் முன்பே பழக்கமான ஐந்தாறு நகர்வை எடுத்து, அவற்றுக்குப் பொதுவான பெயரும் கைச்சைகையும் வைத்தால் போதும். டிஃபென்ஸ் அப்படியல்ல. யார் எப்போது வெளியே போவது, பிவட்டை யாரிடம் எந்தச் சொல்லில் ஒப்படைப்பது, பிளாக் எந்தப் பக்கம், இந்த மூன்றையும் சில நாளில் ஒன்றாக்க முடியும். அதற்கு நடு இரண்டு ஆளும் கீப்பரும் மாறாமல் இருக்க வேண்டும். டிஃபென்ஸ் உறுதியாக நின்றுவிட்டால், பறித்த பந்தோடு எதிராளி திரும்புவதற்குள் ஓடும் ஃபாஸ்ட் பிரேக் கிடைக்கும். எளிய கோல் தானாக வரும். நேரம் குறைவாக உள்ளவருக்கு இதைவிட லாபமான முதலீடு இல்லை. கூடவே ஒரு மாற்றுத் திட்டம்: 5-1. ஒருவரை ஒன்பது, பத்து மீட்டரில் முன்னே நிறுத்தி எதிரணியின் அட்டாக்கை நடத்தும் பிளேமேக்கரின் தாளத்தைக் கெடுப்பது. ஆனால் பின்னால் ஐந்தே பேர் என்பதால் பிவட்டுக்கு இடம் கிடைத்துவிடும். எனவே அதை ஆட்டம் முழுக்க வைக்க முடியாது. எதிராளி பழகுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, பிராண்ட் காலத்தில் டைம் அவுட் அரைக்கு ஒன்றுதான், ஒரு நிமிடம். இப்போது ஆட்டத்துக்கு மூன்று. கீப்பரை எடுத்துவிட்டு ஏழாவது ஆளை அட்டாக்குக்கு இறக்குவதும் அப்போது இவ்வளவு சுலபமில்லை. இறங்குபவர் கீப்பர் நிறச் சட்டை போட வேண்டும், அவரே திரும்பி ஓடவும் வேண்டும். 2016-ல்தான் அந்த விதி தளர்ந்தது. அதாவது, பெஞ்சிலிருந்து ஆட்டத்தைத் திருத்தும் வாய்ப்பு குறைவு. தளத்துக்குள்ளேயே திருத்துகிற ஆள் தேவை. பிராண்ட் தான் முன்பு பார்த்த வேலைக்கு ஆள் தேடினார் என்று சொல்லலாம். கீல் அணியின் கிளாவுஸ்-டீட்டர் பீட்டர்ஸன், லெம்கோ அணியின் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான ஃபோல்கர் ட்ஸெர்பே ஆகியோர் அந்தச் சுவரின் ஆட்கள்.

பலன் படிப்படியாக வந்தது. 1998 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். பிறகு மூன்று நான்கு ஆண்டு பதக்கம் இல்லாத காலம். 2000 சிட்னி ஒலிம்பிக் காலிறுதியில் ஸ்பெயினிடம் ஒரே கோலில் தோல்வி. 2002 ஐரோப்பிய இறுதியில், ஸ்டாக்ஹோமில், ஸ்வீடனிடம் கூடுதல் நேரத்தில் 31-33; கடைசி நொடிகளில் ஜெர்மனியின் ஒரு கோல் மறுக்கப்பட்டது. 2003 உலக இறுதியில் குரோஷியாவிடம் 31-34. 2004-ல் ஸ்லோவேனியாவை அதன் சொந்த மண்ணில் 30-25 என வென்று முதல் ஐரோப்பியப் பட்டம். அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதியில் மறுபடியும் குரோஷியா, 24-26. காலிறுதியில் ஸ்பெயினோடு ஏழு மீட்டர் எறிதல் வரை போய் 32-30 என வந்தார்கள். அங்கே சுவராக நின்றவர் கீப்பர் ஹென்னிங் ஃப்ரிட்ஸ். அந்த ஆண்டின் உலகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். ஒரு கீப்பருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை.

ஏதென்ஸோடு பீட்டர்ஸன், ட்ஸெர்பே, ஷ்டெஃபான் கிரெட்ஷ்மார், கிறிஸ்டியான் ஷ்வார்ட்ஸர் எல்லோரும் தேசிய அணியிலிருந்து விலகினார்கள். சுவரை முதலிலிருந்து கட்ட வேண்டும். 2005 உலகக் கோப்பையில் ஒன்பதாம் இடம். பத்திரிகைகள் முணுமுணுத்தன. நடுவுக்கு ஆலிவர் ரோகிஷ் வந்தார். அட்டாக்குக்கு அவர் பெரும்பாலும் போகவே மாட்டார். பந்து கைமாறியதும் ஓடிவந்து உட்கார்ந்துவிடுவார், அடுத்த டிஃபென்ஸுக்கு இறங்குவார். இப்படி ஆள் மாற்றி ஆடுவதில் ஓர் ஆபத்து உண்டு: மாற்றம் முடிவதற்குள் எதிராளி வேகமாகத் தொடங்கிவிட்டால் கோட்டில் ஐந்து பேரே இருப்பார்கள். அதனால் மாற்றும் ஆட்கள் பெஞ்சுக்கு அருகிலுள்ள பக்கத்தில் ஆடுவது வழக்கம்.

2007, சொந்த நாட்டில். 17 நாளில் 10 ஆட்டம். பெர்லினில் பிரேசிலை 27-22 என வென்று தொடங்கி, மூன்றாவது ஆட்டத்தில் போலந்திடம் 25-27 எனத் தோற்றார்கள். அந்தத் தோல்வி சாதாரணமல்ல. அன்றைய விதிப்படி உடன் தகுதி பெற்ற அணியோடு ஆடிய முடிவு அடுத்த சுற்றுக்கும் கூட வரும். ஆக இரண்டாம் சுற்றில் புள்ளியே இல்லாமல் நுழைந்தார்கள். அதன்பிறகு ஸ்லோவேனியா, துனிசியா, பிரான்ஸ், ஐஸ்லாந்து எல்லோரையும் வென்றார்கள். ஓய்வு பெற்றிருந்த ஷ்வார்ட்ஸரை பிராண்ட் போட்டி தொடங்கிய பிறகு திரும்ப வரவழைத்தார்.

அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கீப்பர் விஷயம். ஃப்ரிட்ஸ் அப்போது கீல் கிளப்பில் டியேரி ஒமேயேவுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தார். கிளப்பில் ஆடாதவனைத் தேசிய அணிக்கு எடுப்பது பொதுவாக நல்ல யோசனையல்ல. ஆட்ட வேகம் கண்ணில் தங்காது. இருந்தும் எடுத்தார். கீப்பருக்கும் பிளாக்குக்கும் இடையிலான ஒப்பந்தம் தெரிந்தவர், அதில் தன் பக்கத்தைத் தவறவிடாதவர் என்ற கணக்காகத்தான் இருக்கும். அரையிறுதியில் பிரான்ஸின் கோலில் ஒமேயே, ஜெர்மனியின் கோலில் ஃப்ரிட்ஸ். ஒரே கிளப்பின் இரண்டு கீப்பர். இரண்டு முறை கூடுதல் நேரம், மொத்தம் 80 நிமிடம், 32-31. கடைசி நொடிகளில் பிரான்ஸின் ஒரு கோல் ஏற்கப்படவில்லை. பிரான்ஸ்காரர்கள் இன்னும் அதை ஒப்புக்கொள்வதில்லை, அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

பிப்ரவரி 4, கொலோன், சுமார் 19,000 பேர். மறுபடியும் போலந்து. எதிர் பெஞ்சில் போக்தான் வென்டா. தொண்ணூறுகளின் இறுதியில் ஜெர்மன் குடியுரிமை பெற்று பிராண்டின் கீழ் ஜெர்மனிக்கே ஆடியவர் அவர். எதிராளியின் டிஃபென்ஸ் மொழி அவருக்கு அத்துப்படி. நடுவே ஃப்ரிட்ஸ் காயத்தோடு வெளியேற, யோஹானஸ் பிட்டர் இறங்கினார். சுவர் அசையவில்லை: 29-24. பதக்கம் வாங்கும்போது ஆட்டக்காரர்கள் எல்லோரும் பிராண்டின் அடர்த்தியான மீசையைப் போல ஒட்டு மீசை வைத்துக்கொண்டு, தலையில் காகிதக் கிரீடத்தோடு நின்றார்கள்.

ஒரு ஒப்பீடு. பத்தாண்டு கழித்து 2017-ல் பிரான்ஸ் சொந்த நாட்டில் உலகக் கோப்பை வென்றபோது பெஞ்சில் இருந்தவர் டிடியே டினார். 2001, 2009, 2011 என ஆட்டக்காரராக உலகக் கோப்பை வென்றவர், அவர் காலத்தின் மிகச் சிறந்த நடு டிஃபென்ஸ் ஆள். கூட இருந்த கியோம் ஜீல் பிளேமேக்கர். ஒருவர் சுவர், ஒருவர் சுவரை உடைப்பவர். கோல் குவித்த நட்சத்திரங்கள் பயிற்சியாளராகச் சோபிப்பதில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நல்ல எதிர் உதாரணங்கள் உண்டு. டென்மார்க்கை உலக சாம்பியன் ஆக்கிய நிகோலாய் யாக்கோப்சன் ஆட்டக்காரராக இருந்தபோது விங்கில் கோல் அடித்தவர்.

2007-க்குப் பிறகு வந்த இறக்கத்தையும் சொல்ல வேண்டும். 2008 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் நான்காம் இடம், பெய்ஜிங்கில் ஒன்பது, 2009 உலகக் கோப்பையில் ஐந்து, 2010 ஐரோப்பாவில் பத்து, 2011 உலகக் கோப்பையில் பதினொன்று. பிராண்ட் ஓயாமல் சொன்ன காரணம் ஒன்று: லீகில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் முக்கிய இடங்களை நிரப்புகிறார்கள், ஜெர்மன் இளைஞர்களுக்கு ஆட்ட நேரம் இல்லை, ஒதுக்கீடு வேண்டும். கிளப்கள் இசையவில்லை, சம்பளம் கொடுப்பவர்கள் அவர்கள், வெல்ல வேண்டியவர்களும் அவர்கள். அவர் புலம்பல் அளவு மீறியது என்று அப்போது பலர் சொன்னார்கள். ஆனால் ஒரு தகவலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 21 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை 2009-ல் வென்றது ஜெர்மனி, 2011-லும் ஜெர்மனி. இளைஞரில் முதலிடம், பெரியவரில் பதினொன்று. இடைவெளி எங்கே என்று தெரிகிறது. 19, 20 வயதில் வாரத்துக்கு ஒரு முறையாவது கடைசிப் பத்து நிமிடத்தை, ஒரு கோல் வித்தியாசத்தில், தன் முடிவால் நடத்திப் பார்த்தால்தான் பிளேமேக்கரோ நடு டிஃபென்ஸ் ஆளோ உருவாவார். பயிற்சியில் அதைக் கற்பிக்க வழியில்லை. அதே நேரம், பழைய ஆட்களை பிராண்ட் சற்று அதிக நாள் பிடித்து வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டையும் முழுக்கத் தள்ள முடியாது.

2011-ல், ஒப்பந்தம் முடியும் முன்பே விலகினார். பதவி அவருடைய உதவியாளரும் ஜூனியர் அணிப் பயிற்சியாளருமான மார்ட்டின் ஹொய்பெர்கரிடம் போனது. அந்த ஜூலையில் கிரீஸில் வென்ற ஜூனியர் அணியில் ஹென்ட்ரிக் பெக்கலர் என்றொரு பிவட் இருந்தார். 2016 ஜனவரி 31, கிராக்கோவில் ஐரோப்பிய இறுதி ஆட்டம். ஜெர்மன் டிஃபென்ஸின் நடுவில் பெக்கலரும் ஃபின் லெம்கேயும், கோலில் ஆந்திரேயாஸ் வோல்ஃப். ஸ்பெயின் 60 நிமிடத்தில் போட்ட கோல் 17.